நோக்கும் நடுக்கமும்: கண்ணின் நுண்ணசைவை மனிதன் அறிந்த வரலாறு

தமிழ் இலக்கியம் கண்ணைப் பற்றிப் பேசிய அளவுக்கு வேறெந்த உறுப்பைப் பற்றியும் பேசியதில்லை எனலாம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் பகுத்தபோது கண்ணறிவை நான்காவதாக நிறுத்தினார். செய்யுளியலில் முப்பத்து நான்கு உறுப்புகளை எண்ணியபோது 'நோக்கு' என்னும் ஒன்றையும் அவற்றுள் வைத்தார். கேட்போனை மீண்டும் மீண்டும் தன்னையே நோக்கச் செய்யும் ஆற்றல் செய்யுளுக்கு வேண்டும் என்பது அதன் கருத்து. வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பொருட்பாலில் அமைச்சன் அரசனின் முகக்குறிப்பை அறிகிறான். காமத்துப்பாலில் தலைவன் தலைவியின் கண்குறிப்பை அறிகிறான். அரசியலுக்கும் காதலுக்கும் பொதுவான கல்வி கண்ணைப் படிப்பதே என்பது அவர் முடிபு போலும்.

இவற்றினும் நுட்பமானது 'கண்விதுப்பழிதல்' என்னும் அதிகாரம். பிரிவால் வருந்தும் தலைவி அங்கே தன் கண்களோடு வழக்காடுகிறாள். அன்று ஆராயாமல் தாமே விரைந்து நோக்கிய கண்கள் இன்று தாமே அழுவது ஏன் என்று கேட்கிறாள். கண்ணைத் தன் உடலின் ஓர் உறுப்பாக அன்றித் தனக்கெனத் தனி விருப்பமுடைய வேறொருத்தியாகவே அவள் கருதுகிறாள். இதைக் கவிதை நயம் என்று பாராட்டிவிட்டு நாம் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் அவள் கேட்ட கேள்வி மெய்யான கேள்வி. கண் அசைவது நம் விருப்பத்தாலா, கண்ணின் விருப்பத்தாலா?

இக்கேள்விக்கு அறிவியல் விடை தேடிய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வரலாற்றில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு முதன்மையான ஓர் இடம் உண்டு என்பதால், நெய்வேலியில் வெளிவரும் மலர் ஒன்றில் இதனை எழுதுவது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

அசையாத கண் என ஒன்றில்லை

ஒரு புள்ளியை உற்று நோக்கும்போது நம் கண் அசையாமல் நிற்பதாகவே நமக்குத் தோன்றும். அது தோற்றமே. ஒளிமிக்க விளக்கைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளியை நோக்கினால், விளக்கின் எச்ச உருவம் சுவரில் மிதப்பதைக் காணலாம். புள்ளியின் மீதே பார்வையை நிறுத்த எவ்வளவு முயன்றாலும் அவ்வுருவம் சற்றே நகர்ந்துகொண்டிருக்கும். எச்ச உருவம் விழித்திரையோடு ஒட்டியது. ஆகவே அது நகர்கிறதென்றால் கண் நகர்கிறது என்பதே பொருள். சார்லஸ் டார்வினின் தந்தையாகிய ராபர்ட் டார்வின் 1786-இல் லண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் எச்ச உருவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். கண் ஓய்வின்றி அசைவதை அக்காலத்தார் சிலர் இத்தகைய எளிய சோதனைகளாலேயே உய்த்துணர்ந்தனர்.

1804-இல் டிராக்ஸ்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் வேறொன்றைக் கண்டார். ஓரிடத்தில் பார்வையை ஊன்றியிருந்தால், பார்வையின் ஓரத்தில் உள்ள பொருள்கள் மெல்ல மங்கி மறைகின்றன. கண்ணைச் சற்று அசைத்த அளவில் அவை மீண்டும் தோன்றுகின்றன. இதன் முழுப்பொருள் விளங்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

படிக்கும் கண்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர் நாட்டம் படிக்கும் கண்ணின் பக்கம் திரும்பியது. பாரிசில் எமில் ழவாலின் ஆய்வகத்திலும், ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் எவால்ட் ஹெரிங்கின் முயற்சியாலும் 1879-ஐ ஒட்டி ஓர் உண்மை வெளிப்பட்டது. வரியைப் படிக்கும் கண், நீரோடைபோல் ஒழுகிச் செல்வதில்லை. அது தாவுகிறது, நிற்கிறது, மீண்டும் தாவுகிறது. ஹெரிங் மூடிய இமையின் மேல் குழாய் வைத்துத் தசைகள் எழுப்பும் மெல்லிய ஒலியைக் கேட்டே இத்தாவல்களை எண்ணினார். படிக்கும் கண்ணை ஆராய்ந்த ழவால் பின்னாளில் கண்ணழுத்த நோயால் பார்வையை முற்றும் இழந்தார். அதன்பின் பார்வையற்றோர் வாழ்க்கைக்கு வழிகாட்டும் நூல் ஒன்றையும் அவர் எழுதி வெளியிட்டார்.

எட்மண்ட் ஹூயி என்னும் அமெரிக்கர் கண்ணை மரத்துப்போகச் செய்து, அதன்மேல் பாரிஸ் சாந்தால் ஆன சிறு கிண்ணத்தைப் பொருத்தி, அதனோடு ஒரு நெம்புகோலை இணைத்துப் புகைபூசிய உருளையில் கண்ணசைவைக் கோடாக வரையச் செய்தார். 1901 முதல் ரேமண்ட் டாட்ஜ் கண்ணைத் தொடாமலே ஒளிப்படத்தால் பதிவு செய்யும் முறையைக் கொணர்ந்தார். கண்ணாடி முன் நின்று நம் வலக்கண்ணையும் இடக்கண்ணையும் மாறிமாறி நோக்கினால், கண்கள் நகர்வதை நாம் காண முடியாது; அருகில் நிற்பவர் காண்பார். தாவும் கணத்தில் நம் பார்வை தெளிவை இழக்கிறது. அவ்விழப்பை நாம் உணர்வதும் இல்லை.

விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழியில் மட்டுமே கூர்மையான பார்வை உண்டு. கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தினால் அதன் நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, கூர்மையாகத் தெரியும் உலகமும் ஏறக்குறைய அவ்வளவே. மற்றவை எல்லாம் மங்கல். அதனால்தான் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை கண் தாவி, உலகைத் துண்டு துண்டாகத் திரட்டுகிறது. கண்ணைக் கயலுக்கும் கெண்டைக்கும் உவமித்த நம் புலவர்கள் வடிவத்தை மட்டும் கருதவில்லை; நின்று, திடுமெனத் துள்ளி, மீண்டும் நிற்கும் மீனின் இயல்பையும் கண்டிருந்தனர்.

ஓலைச்சுவடி படித்தவர்களை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். கண் எங்கே தாவி எங்கே ஊன்ற வேண்டும் என்பதற்கு ஓலை எவ்வழியும் காட்டாது. முன்னரே கற்று நெஞ்சில் நிறுத்திய யாப்பும் சொல்வளமும்தான் வழி காட்ட வேண்டும். 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் கண், ஓலையைப் பார்த்த அளவுக்குத் தம் நினைவையும் பார்த்தே நகர்ந்திருக்கும். பார்வை வழிகாட்டும் அசைவு, நினைவு வழிகாட்டும் அசைவு என்று பின்னாளில் அறிவியலார் பகுத்த இரண்டும் சுவடி படிக்கும் கண்ணில் ஒருங்கே தொழிற்பட்டன எனலாம்.

நிலக்கரியும் விழிநடுக்கமும்

இனிச் சுரங்கத்துக்கு வருவோம். 1861-இல் பெல்ஜியத்தில் தெகோந்தே என்னும் மருத்துவர் நிலக்கரித் தொழிலாளரிடம் கண்ட புதியதொரு கண்ணோயைப் பதிவு செய்தார். தொழிலாளியின் இரு கண்களும் ஓயாமல் நடுங்கின. பலருக்கு அவை சுழன்று நடுங்கின. எதிரே உள்ள விளக்குகள் கூத்தாடின. தலைவலியும் மயக்கமும் வந்தன. இருட்டில் பார்வை குன்றியது. வெளிச்சம் பட்டால் இமைகள் தாமே இறுகின. பிரிட்டனின் சுரங்கங்களிலும் இந்நோய் பெருகியது. ஆண்டுக்கணக்கில் நிலத்தடியில் உழைத்தவர்கள் நேராக நடக்கவும் படியேறவும் அஞ்சும் நிலைக்கு வந்தனர்.

காரணம் யாது என்பதில் மருத்துவர் இரு பிரிவாயினர். ஷெஃபீல்டு நகரின் கண் மருத்துவர் சிமியன் ஸ்னெல் 1892-இல் எழுதிய நூலில், தொழிலாளி பக்கவாட்டில் படுத்துக் கரியின் அடிப்பகுதியைக் குடையும்போது கண்ணை மேல்நோக்கிச் சாய்த்தே வைத்திருப்பதுதான் காரணம் என்றார். குற்றம் உடல் கிடையில் என்பது அவர் வாதம். டெர்பிஷயர்ச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய ஜோசையா கோர்ட், குற்றம் வெளிச்சக் குறைவில் என்றார். 1912-இல் லெவெலின் என்னும் மருத்துவரும் தம் நூலில் வெளிச்சக் குறைவையே வற்புறுத்தினார்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. கிடைதான் காரணம் எனில் அது தொழிலின் இயல்பு, மாற்ற வழியில்லை. வெளிச்சம்தான் காரணம் எனில் நல்ல விளக்குக் கொடுக்க வேண்டியது சுரங்க உரிமையாளரின் கடமை. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி உருவாக்கிய காப்பு விளக்கு, தீப்பற்றும் வாயுவினால் வெடி நிகழாமல் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் சுடரைச் சூழ்ந்த கம்பிவலை வெளிச்சத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. அது மெழுகுத்திரியினும் மங்கலாக எரிந்தது. கரிச்சுவரோ விழுந்த சிறு ஒளியையும் திருப்பித் தருவதில்லை. உயிரைக் காத்த விளக்கே கண்ணுக்கு இடராயிற்று.

மங்கல் ஒளி கண்ணை ஏன் நடுங்கச் செய்ய வேண்டும்? விழித்திரையின் நடுக்குழியில் இருப்பவை கூம்பு வடிவ ஒளியணுக்கள் மட்டுமே. அவை தொழிற்பட நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டில் நடுக்குழி ஏறக்குறையக் குருடாகிவிடும். மங்கலான விண்மீனை நேரே நோக்கினால் அது மறைவதும், சற்று ஒதுங்கி நோக்கினால் தெரிவதும் இதனால்தான். பார்வை ஊன்றி நிற்கும் இடமே குருடாகிவிட்டால் கண் எதைப் பற்றி நிற்கும்? ஆண்டுக்கணக்கில் இந்நிலை தொடர்ந்தால் நிலைநிறுத்தும் ஆற்றலே தளர்கிறது என்று வெளிச்சக் கட்சியினர் விளக்கினர்.

1906-ஆம் ஆண்டின் பிரிட்டன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் விழிநடுக்கம் 1907-இல் தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின் இழப்பீடு கோரியவர் தொகை ஏறியது. ஏறவே ஐயமும் ஏறியது. சில தொழிலாளர்க்குக் கண்ணில் நடுக்கம் தெளிவாகத் தெரிந்தும் வேறு தொல்லை இல்லை. சிலர்க்குத் தொல்லை மிகுந்தும் நடுக்கம் சிறிதே தெரிந்தது. இது மனநோய் என்றனர் சில மருத்துவர். பணத்துக்காக நடிப்பு என்றனர் வேறு சிலர். கண் தானே நடுங்குகிறதா, அவன் நடுக்குகிறானா என்று வழக்குமன்றங்களில் கேட்கப்பட்டது. வள்ளுவரின் தலைவி கேட்ட அதே கேள்விதான். ஆனால் இங்கு அதன் விடையைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் உணவு இருந்தது. இருட்டில் உழைத்துக் கண்ணை இழந்தவன், அந்த இழப்பு தன் விருப்பத்தால் வந்ததன்று என்று மெய்ப்பிக்கும் கடமையையும் தானே சுமந்தான்.

1922-இல் பிரிட்டன் மருத்துவ ஆய்வு மன்றத்தின் குழு தன் முதல் அறிக்கையில் வெளிச்சக் குறைவே முதன்மைக் காரணம் என்று முடிவு கூறியது. தலையில் அணியும் மின்விளக்கு பரவப் பரவ இந்நோய் அருகியது. சுரங்கத்தில் விளக்கு நன்றானதும் கண்ணின் நடுக்கம் மறைந்தது என்பதே ஐயுற்றோர்க்குக் கிடைத்த விடை.

நெய்வேலியின் வானம்

நம் ஊரின் சுரங்கம் வேறு வகையைச் சார்ந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதும், 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதும், 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும், 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்ததும் இம்மலரின் வாசகர் பலரும் அறிந்தவையே. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை முழுதும் அகற்றி எடுக்கும் திறந்தவெளி முறை இங்கே கைக்கொள்ளப்பட்டது. தொழிலாளியின் தலைக்கு மேல் பாறை இல்லை, வானம் இருந்தது. நிலத்துக்கு அடியில் ஊற்றெடுக்கும் நீரின் அழுத்தத்தை இறைத்துத் தணிப்பதும், மாபெரும் வாளிச்சக்கர இயந்திரங்களைக் கொண்டு மண்ணை அகழ்வதும் அம்முறையின் தேவைகள். வெயிலும் தூசியும் இரைச்சலும் இங்கு உழைத்தவர்க்கு வாய்த்த துன்பங்கள். நிலம் கொடுத்த ஊர்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. ஆயினும் டேவி விளக்கின் இருட்டு இவ்வூரின் கண்களுக்கு வாய்க்கவில்லை. ஐரோப்பாவின் தொழிலாளர் இரண்டு மூன்று தலைமுறையாகக் கொடுத்த விலை இது என்பதை, மின்னொளியில் இரவுப் பணி பார்த்து வரும் ஊர் அறிந்திருத்தல் நன்று.

அசைவு நின்றால் பார்வை மறையும்

நடுக்கம் நோயாகும் என்பதைச் சுரங்கம் காட்டியது. அசைவே இல்லாமற்போனால் என்னவாகும் என்பதை 1950-களின் ஆய்வகங்கள் காட்டின. 1952-இல் இங்கிலாந்தில் டிச்பர்னும் கின்ஸ்பர்க்கும், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ரிக்ஸும் அவர் குழுவினரும் ஒரு சூழ்ச்சி செய்தனர். கண்ணோடு ஒட்டிய வில்லையில் சிறு கண்ணாடியைப் பொருத்தி, கண் எப்பக்கம் அசைந்தாலும் உருவமும் அப்பக்கமே அசையும்படி அமைத்தனர். அதனால் உருவம் விழித்திரையில் ஒரே இடத்தில் நின்றது. சில நொடிகளில் அது மங்கி மறைந்தது! நரம்புகள் மாற்றத்தை மட்டுமே பொருட்படுத்துகின்றன. மாறாத ஒன்றை மூளை விட்டுவிடுகிறது. கண் ஓயாமல் அசைவதாலேயே உலகம் நமக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது. டிராக்ஸ்லர் கண்ட மறைவுக்கும் பொருள் அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

இத்துறையில் தமிழகத்தின் பங்கும் உண்டு. 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற வி.எஸ். இராமச்சந்திரன், 1991-இல் ரிச்சர்ட் கிரிகரியுடன் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். ஓயாமல் மினுக்கும் புள்ளிகள் நிறைந்த திரையில் ஒரு சிறு சாம்பல் நிறச் சதுரம் இருந்தது. திரையின் வேறொரு புள்ளியில் பார்வையை ஊன்றியிருந்தால், சில நொடிகளில் அச்சதுரம் மறைந்து அவ்விடத்தையும் மினுக்கும் புள்ளிகளே நிரப்பிவிடும். காணாத இடத்தை மூளை வெறுமையாக விடுவதில்லை. சுற்றியுள்ளதைக் கொண்டு நிரப்புகிறது. நாம் காண்பதில் ஒரு பகுதி மூளை புனைவது என்பதற்கு இஃதோர் எளிய சான்று.

மூளையில் ஒரு சிறுகுன்று

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அத்தசைகளுக்கு ஆணையிடும் நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து புறப்படுகின்றன. மூளைத்தண்டுக்கு ஆணையிடுவது யாது? 1870-ஐ ஒட்டி ஆடமுக் என்னும் ஆய்வாளர், விலங்குகளின் நடுமூளையின் மேற்புறத்தில் உள்ள ஓர் இணை மேடுகளை மின்னோட்டத்தால் தூண்டினால் இரு கண்களும் ஒருசேரத் திரும்புவதைக் கண்டார். அம்மேடுகளுக்கு இலத்தீனில் 'சிறுகுன்று' என்று பெயர். நாமும் அவ்வாறே மேற்சிறுகுன்று என வழங்கலாம். அதே பத்தாண்டில் டேவிட் ஃபெரியர் நெற்றிப்பக்க மூளையின் ஒரு பகுதியைத் தூண்டியும் கண்கள் எதிர்ப்புறம் திரும்பக் கண்டார்.

விழித்திருக்கும் குரங்கின் மூளையில் ஒற்றை நரம்பணுவின் துடிப்பைக் கேட்கும் முறை 1960-களின் பிற்பகுதியில் வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் உர்ட்ஸும் மைக்கேல் கோல்ட்பெர்க்கும் 1972-இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேற்சிறுகுன்றின் நரம்பணுக்கள் கண் தாவுவதற்குச் சற்று முன்னரே பொரிந்து துடிப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் டேவிட் ராபின்சன் அக்குன்றின் வரைபடத்தைத் தந்தார். ஓரிடத்தைத் தூண்டினால் கண் குறித்த திசையில் குறித்த தொலைவு தாவியது. தூண்டுதல் சற்று நீண்டாலும் அத்தொலைவு மாறவில்லை. குன்றின் முன்முனையில் சிறு தாவல்கள், பின்பகுதியில் பெருந்தாவல்கள். இடக்குன்று வலப்பக்கத்துக்கு, வலக்குன்று இடப்பக்கத்துக்கு. நாம் காணும் வெளி முழுதும் அச்சிறு மேட்டில் நிலப்படம்போல் விரிக்கப்பட்டுள்ளது. எங்கே துடிப்பு எழுகிறதோ அங்கே கண் செல்லும்.

நினைவு வழிகாட்டும் நோக்கு

எதிரே இருப்பதை நோக்கித் தாவுவது ஒன்று; இருந்து மறைந்ததை நோக்கித் தாவுவது மற்றொன்று. இருட்டறையில் ஒரு விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைகிறது. சிறிது காத்திருந்து, அது இருந்த இடத்தை நோக்க வேண்டும். இச்சோதனையைக் கொண்டு ஹிக்கோசகாவும் உர்ட்ஸும் 1983-இல் ஒரு நுட்பத்தைக் கண்டனர். மூளையின் அடியில் 'கரும்பொருள்' என்று பெயர்பெற்ற ஒரு பகுதி மேற்சிறுகுன்றை ஓயாமல் அடக்கிக்கொண்டிருக்கிறது. அதன் நரம்பணுக்கள் வாயிற்காவலர் போன்றவை. நினைவில் உள்ள இடத்துக்குக் கண் தாவும் முன்னர் அவற்றுள் சில தம் துடிப்பை நிறுத்துகின்றன, காவல் விலகுகிறது, கண் தாவுகிறது. 1989-இல் ஃபுனஹாஷி, புரூஸ், கோல்ட்மன்-ராகிச் ஆகியோர், விளக்கு அணைந்த பின்னும் அது இருந்த இடத்தை நினைவில் வைத்துத் தொடர்ந்து துடிக்கும் நரம்பணுக்களை முன்மூளையில் கண்டனர்.

இது ஆய்வகத்து வேடிக்கை அன்று. கரும்பொருளின் நரம்பணுக்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன் நோய். அந்நோயாளிகளிடம், கண்ணெதிரே தோன்றும் இலக்கை நோக்கிய தாவலைக் காட்டிலும் நினைவில் உள்ள இலக்கை நோக்கிய தாவல் மிகுதியாகக் குன்றி, இலக்கை எட்டாமல் நின்றுவிடுவதை மருத்துவர் கண்டுள்ளனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் குழுவினர், கண் தாவலை மூளை எவ்வாறு திட்டமிடுகிறது, திட்டமிட்டதை இடையில் எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதை ஆராய்ந்து வருகின்றனர்.

நுண்தாவலின் வழக்கு

எஞ்சி நின்றது மிகச் சிறிய அசைவு. ஒரு புள்ளியை உற்று நோக்கும்போதும் நொடிக்கு ஒன்றோ இரண்டோ என்ற அளவில் கண் மிக நுண்ணியதாய்த் தாவுகிறது. இதனை நுண்தாவல் எனலாம். அதன் அளவு பெரும்பாலும் ஒரு பாகையினும் குறைவு; அது நிகழ்வதை நாம் அறிவதில்லை. இது பயனுடையதா, நரம்பின் வெற்றுத் துடிப்பா? நம் விருப்பத்துக்கு உட்பட்டதா?

1973-இல் ஹதாதும் ஸ்டைன்மனும், மனிதர் விரும்பினால் நுண்தாவல் அளவுக்குச் சிறிய தாவலைத் தாமே செய்ய முடியும் என்று காட்டினர். 1976-இல் வின்டர்சனும் கொலெவைனும் ஊசியில் நூல் கோப்பவரின் கண்ணை ஆராய்ந்து, அவ்வேளையில் நுண்தாவல்கள் குறைவதைக் கண்டனர். நுண்ணிய பணியில் அவை குறைகின்றன என்றால் அவற்றால் பயன் யாது? 1980-இல் கவுலரும் ஸ்டைன்மனும் சிறு தாவல்களால் பயனேதும் இல்லை என்று தலைப்பிலேயே அறைந்து கூறினர். இதற்கிடையே பொதுவான நூல்களில் நுண்தாவல் 'தன்னிச்சையற்றது' என்ற அடைமொழியே நிலைத்துவிட்டது.

அதே ஊசியும் நூலும் 2010-இல் மீண்டும் வழக்கில் சான்றாக வந்தன. கோ, பொலெத்தி, ரூச்சி ஆகியோர் திரையில் ஊசிக்காதும் நூலும் காட்டிக் கோக்கச் செய்து, கண்ணசைவை மிக நுட்பமாக அளந்தனர். கண் சும்மா துடிக்கவில்லை. நூல்முனைக்கும் ஊசிக்காதுக்கும் இடையே நுண்தாவல்களால் துல்லியமாகப் போய் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சியாத் ஹபெத், கோஃபார், கிராஸ்லிஸ் ஆகியோர் மேற்சிறுகுன்றின் முன்முனையில் நுண்தாவலுக்கென்றே துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டிருந்தனர். கண்ணை அசையாமல் பிடித்து வைக்கும் இடம் என்று கருதப்பட்டிருந்த பகுதியே நுண்ணசைவின் ஊற்றாக வெளிப்பட்டது. பேரசைவுக்கும் நுண்ணசைவுக்கும் ஒரே நிலப்படம், அளவுதான் வேறு.

2019-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் ஹபெத்தின் குழு அடுத்த படியை எடுத்தது. எதிரே இலக்கு ஒன்றும் இல்லாமல், நினைவில் உள்ள மிக நெருங்கிய ஓர் இடத்தை நோக்கி நுண்தாவல் செய்யும்படி மனிதரிடமும் குரங்குகளிடமும் பணித்தனர். தனிப்பயிற்சி இன்றியே மனிதர் அதனைத் திசை தவறாமல், காலம் தவறாமல் செய்தனர். அதனினும் வியப்பு ஒன்று உண்டு. குரங்குகளின் மேற்சிறுகுன்றில் சில நரம்பணுக்கள், நினைவு வழிகாட்டிய நுண்தாவலுக்கு மட்டுமே பொரிந்து துடித்தன. அதே அளவுடைய, பார்வை வழிகாட்டிய நுண்தாவலுக்கு அவை துடிக்கவில்லை. புறத்தே ஒன்றுபோல் தோன்றும் இரு அசைவுகளை மூளை அகத்தே வேறுபடுத்தி அறிகிறது.

முடிவுரை

இவ்வரலாற்றின் இரு முனைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். சுரங்கத் தொழிலாளியின் கண் தன் வசமிழந்து நடுங்கியது. அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று சிலர் ஐயுற்றனர். நலமான கண்ணின் நுண்தாவல் நம் வசப்படக் கூடியது. அது தன்னிச்சையற்றது என்று பலர் நெடுங்காலம் எழுதினர். இரண்டு இடத்தும் அளந்து பார்ப்பதற்கு முன்னரே தீர்ப்பு முந்திக்கொண்டது. முதல் தீர்ப்பினால் மனிதர் துன்புற்றனர். இரண்டாவதனால் அறிவு தேங்கியது. முதல் வழக்கின் வடு ஆழமானது என்பதை நாம் மறத்தலாகாது. எளியவனின் உடல் சொல்வதை நம்புவதற்கு முன் அவன் நோக்கத்தை ஐயுறும் பழக்கம் இன்னும் உலகை விட்டு நீங்கவில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமையும் உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், உடற்கூறு, உடலியங்கியல், அறுவை மருத்துவம், வேதியியல் ஆகியவற்றைத் தமிழ் நூல்களாக்கினார். தமிழிலேயே மருத்துவரை உருவாக்கினார். அதற்கும் முன்னரே, 1819-இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனை உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இத்தகைய தொடக்கம் வாய்த்த மொழியில், தாவல், நுண்தாவல், நிலைநோக்கு, மேற்சிறுகுன்று என்று சொற்களை அமைத்து மூளையின் தொழிலைப் பேசுவது இயலாத செயலன்று. நோக்கு, நோட்டம், காட்சி, பார்வை, குறிப்பு என்று காண்டலின் வகைகளை முன்னரே பிரித்தறிந்த மொழி இது.

நெய்வேலியில் குடியிருப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் வட்டம் என்று பெயர். எண்ணிட்ட அவ்வட்டங்களுக்கிடையே எண் பெறாத ஒரு வட்டமாக நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளைக் கடந்துள்ளது. சுரங்கப் பணியாளரும் ஆசிரியரும் இல்லத்தரசியரும் மாணவரும் ஒருங்கமர்ந்து நூல் படிக்கும் அவை இது. இங்கு ஒருவர் ஒரு செய்யுளைப் படிக்கும்போது அவர் கண் எழுத்தைத் தொட்டுத் தாவுகிறது. அவர் நினைவு அக்கண்ணை அடுத்த சீருக்கு அழைத்துச் செல்கிறது. கண் தானே நோக்கியது என்ற தலைவியின் முறையீட்டுக்கு, கண்ணை அனுப்பியதில் அவள் நெஞ்சுக்கும் பங்கு உண்டு என்று இன்றைய அறிவியல் விடை கூறும். அவள் நெஞ்சில் முன்னரே அவன் இருந்தமையால் கண் அங்கே சென்றது. நம் நெஞ்சில் எவற்றை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே நம் கண்ணும் செல்லும். நல்லவற்றை நிறுத்தும் பணியை நம் வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் தொடர்க.